தொட்டி மீனுக்குச் சம்பந்தம்

காபியை ஒருத்தர்கூடத் தொடவில்லையே என்று நினைத்தாள் பெத்திமாத். கேட்டதைத் தருவதாக வாக்குக் கிடைக்கும்வரை இந்த அரபுக்காரர்கள் கோப்பையைத் தொட மாட்டார்கள். பெண் கேட்டுப் போகிற வீட்டில் செய்கிற வேலை. அவள் பெற்றதோ இரண்டும் பையன்கள்.

ஆனாலும் எதைக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தோட்டத்துத் தொட்டியைக் காட்டச் சொல்லாமல் இருந்தால் போதும்.

அபூ அத்ஹம் தொண்டையைச் செருமினார். உப்பு வியாபாரம் பார்த்தவர். ஜோர்டான் பாலைவனத்து ஊரான அஸ்ராக்கில் எந்தக் கல்யாணப் பேச்சையும் அவர்தான் தொடங்கி வைப்பார்.

"உம்மு மன்சூர்," என்று மூத்த மகன் பெயரைச் சேர்த்து அவளை அழைத்தார். "நல்ல குடும்பம்னு கேள்விப்பட்டு வந்திருக்கோம். உங்க பொண்ணுங்களை எங்க குளத்துக்குத் தரணும்."

"எத்தனை பேரை?"

"எல்லாரையும்தான்," என்றான் ராகான். சதுப்புநிலக் காப்பகத்தில் மீன்களைப் பார்த்துக்கொள்பவன்.

வந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பிறகு ராகான் விஷயத்துக்கு வந்தான். ஊற்றுகள் வற்றிய வருஷம் தப்பிப் பிழைத்தது ஒரு கைப்பிடி அளவு மீன்தான். விரல் நீளம்கூட இல்லாத அந்த வரி மீன் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இன்று காப்பகக் குளத்தில் நீந்துகிற அத்தனையும் அந்தக் கைப்பிடியின் வாரிசுகள், ஒன்றுக்கொன்று சொந்தம். இப்போது குஞ்சுகள் முதுகு வளைந்து பிறக்கின்றன. முட்டையில் பாதி பொரிவதே இல்லை.

அதே வருஷம் பெத்திமாத்தின் மாமனார் வேறொரு ஊற்றிலிருந்து ஒரு தேநீர்க் கெண்டி நிறைய மீன் அள்ளி வந்து, கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று தொட்டியில் விட்டிருந்தார். போன மாதம் அவள் பொறுக்கிக் கொடுத்தனுப்பிய நாலைந்து மீனைச் சோதித்துப் பார்த்தார்களாம். அதே இனம், ஆனால் வேறு ரத்தம்.

"சித்தப்பா பிள்ளையும் பெரியப்பா பிள்ளையுமே கட்டிக்கிட்டிருந்தா முதுகு வளையாம என்ன செய்யும்?" என்றாள் பெத்திமாத். "காக்கசஸ் மலையிலேர்ந்து வந்த எங்க செச்சென் ஆளுங்க ஏழு பாட்டன் பேரை எண்ணிப் பார்ப்போம். ஒரு பேரு ஒத்துப்போனாலும் கல்யாணம் கிடையாது. உங்களுக்கெல்லாம் அத்தனை பொறுமை ஏது?"

ராகானின் மனைவி அவன் சித்தப்பா மகள். அவன் காது சிவந்தது.

"என் பிள்ளைங்க முதுகு நேராத்தான் இருக்கு, வந்து பாருங்க."

வீடே சிரித்தது. கேலி செய்த பெத்திமாத்துக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்தியது. புருஷன் போன பிறகு, விடிந்ததும் அவள் முதலில் போய்ப் பேசுவது அந்தத் தொட்டியோடுதான். அது வெறும் தண்ணீராகக் கிடப்பதை நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் உறுத்தியது அந்தப் பயம் மட்டுமில்லை. அதில் பாதி வெட்கம்.

ராகான் குரலைத் தாழ்த்தினான். "உங்க மீன் வந்தா எங்க குளம் பிழைச்சுக்கும். மாட்டேன்னு சொல்லிடாதீங்க."

"மொத்தமா தர மாட்டேன், ராகான்," என்றாள் மெல்ல. "பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுப்போம். பாதியை நீ கொண்டுபோ, அதுக்குப் பதிலா உங்க குளத்து மீனை இங்க விடு. ரெண்டு வருஷமா என் தொட்டியிலயும் முதுகு வளைஞ்சுதான் பிறக்குது."