கிளிப் பாடம்

"வள்ளத்தை எரிக்கேக்க நங்கூரம் எங்க கிடந்தது?"

ஞானசேகரம் கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். "கு... குசினியில, ஐயா."

மேசையில் ஓங்கி ஒரு குத்து விழுந்தது. "பொய்! சுத்தப் பொய்! அடுத்த பிளேனில இவரைத் திருப்பி அனுப்புங்கோ!"

குசினி வாசலில் இருந்து அவர் மனைவி புஸ்பராணி எட்டிப் பார்த்தாள். "மெல்லமாக் குத்து, தம்பி. அந்த மேசைக்கு ஏற்கெனவே ஒரு கால் ஆட்டம்."

ஜேர்மன் துரையாக நடித்துக்கொண்டிருந்த ஆனந்தராசா நொந்த கையை உதறினான். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன வீட்டில் துரை வேசம் போட அவனை விட்டால் ஆள் கிடையாது. அசைலம் அடிக்க, அதாவது அகதியாக ஏற்கச் சொல்லிக் கேட்கப் போய், விசாரிக்கிற உண்மையான துரைக்கு முன்னால் இருந்து, தோற்றுத் திரும்பி வந்தவன் அவன் ஒருவன்தான்.

ஆனால் காலத்தின் கோலத்தைப் பாருங்கள். குருநாகலில் இருந்து எழுபத்தெட்டில் வந்து இங்கே இங்கிலிஷ் ரியூசன் தொடங்கியவர் ஞானசேகரம் மாஸ்டர். எந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பொத்தான் பூட்டியிருப்பார். "வெளிநாட்டுக் குளிருக்கு இப்பவே பழகிறார்" என்று பெடியன்கள் பகிடி விடுவார்கள். அவர்கள் ஜேர்மனிக்குக் கிளம்பத் தொடங்கியபோது, துரை கேட்டால் என்ன சொல்வது என்று பாடம் எடுத்தவரும் அவர்தான்.

ஒரே ஒரு பாடம். கடை எரிகிறது. உள்ளே கூட்டுக்குள் கிளி கத்துகிறது. நெருப்புக்குள் ஓடிக் கூட்டைத் திறக்கிறோம். கிளி பறந்துவிடுகிறது, நமக்குக் கை வெந்துவிடுகிறது.

முதலில் போனவன் பாக்கியரத்தினம். நுளம்பு கடித்ததைத் தவிர வேறு கொடுமை அறியாத பிறவி. அவன் கிளியைச் சொல்ல, துரை கண்ணைத் துடைத்தானாம், சீல் குத்தினானாம். பிறகு சும்மா இருப்பார்களா? நிலாவெளி, மூதூர், கட்டைபறிச்சான் என்று நாலாபக்கமும் இருந்து வந்து கிளியைக் கேட்டார்கள். மாஸ்டரும் வஞ்சகமில்லாமல் சொல்லிக் கொடுத்தார். கிளிப் பாடம் தொடங்கினால் புஸ்பராணி மட்டும் குசினிக்குள் போய்விடுவாள். பொய் பிடிக்காத மனுசி என்று பெடியன்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நிலாவெளியில் இருந்து வந்த ஆனந்தராசாவின் முறை வந்தபோதுதான் வினை.

"துரை பேனையை வச்சிட்டுச் சிரிச்சவன், மாஸ்டர். 'உங்கட ஊரில கிளி இல்லாத கடையே இல்லையோ?' எண்டு கேட்டவன். இனிக் கிளி எண்டு வாயைத் திறந்தால் அவ்வளவுதான். அதுதான் சொல்லுறன், உங்களுக்கு வள்ளம். வள்ளத்தை எரிச்சவங்கள் எண்டு சொல்லுங்கோ."

நாளை மறுநாள் கொழும்பில் மாஸ்டருக்குப் பிளேன். போன கிழமை யாரோ படலையில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுப் போனதில் இருந்து புஸ்பராணிக்குச் சோறு இறங்கவில்லை. "இவர் போய்ச் சேர்ந்தால் என்னையும் கூப்பிடுவார். திருப்பி அனுப்பினால்..." அதற்கு மேல் அவள் சொல்லமாட்டாள்.

பாவம், மாஸ்டருக்கு வள்ளம் எங்கே தெரியும்? மூதூர் லோஞ்ச் ஜெட்டியை விட்டுக் கிளம்ப முன்னமே சத்தி எடுக்கிற மனுசன்.

"திரும்பவும் கேக்கிறன்" என்று ஆனந்தராசா துரையின் குரலுக்கு மாறினான். "எரிஞ்ச வலை என்ன நிறத்தில கிடந்தது?"

"பச்சை."

"எரிஞ்ச பிறகுமோ?"

"ஓம்... வடிவான பச்சை."

"கடவுளே! சரி, விடுங்கோ. வள்ளத்தில ஆரார் இருந்தனீங்கள்?"

மாஸ்டருக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "நானும்... கிளியும்."

ஆனந்தராசா தலையில் கை வைத்தான். துரையும் போய், பல்லைக் கடிக்கிற நிலாவெளிப் பெடியன்தான் மிஞ்சினான்.

"என்ன மாஸ்டர் இது? எரியிற கடைக்குள்ள ஒரு கிளிக்காக ஆராவது விசரன் ஓடுவானோ? அப்பிடி ஒரு நம்பேலாத பொய்யை, கேக்கிறவன் அழுகிற மாதிரி எங்களுக்குக் கட்டித் தந்தனீங்கள். இந்தச் சின்ன வள்ளப் பொய் ஏன் உங்களுக்கு வருகுதில்லை?"

குசினிக்குள் ஒரு பாத்திரம் விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

மாஸ்டர் மெதுவாக மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார். தோல் முழுக்க வெந்து, சுருங்கி, ஆறிப்போன பழைய தழும்பு. ஆனந்தராசா மேசையில் இருந்த தன் கையை எடுத்துக்கொண்டான்.

"எனக்குப் பொய் கட்டத் தெரியாது, தம்பி. தெரிஞ்சிருந்தால் என்ர கிளியை உங்களுக்குத் தந்திருப்பனோ?"