ஒன்பதடி உயரம்

1983, ஐப்பசி. கொல்லிமலையடிவாரத்தில் விசிறியென விரிந்த வண்டல்மேட்டில் அப்புசாமி தலைவராயிருந்த ஊர் இருந்தது. மலைச்சேறு சரிந்தால் எவ்வழிப் பாயும் என்பதைப் பொறியாளர் சௌந்திரம் கணினியில் கணித்தார். நிலத்தின் ஒவ்வோர் அளவையும் ஒரு துளையட்டை கணினிக்குச் சொன்னது. ஊருக்கு மேலிருந்த கடலைக்காட்டின் அட்டை மட்டும் அங்கே ஒன்பதடி உயரத்தில் ஏதோ நிற்பதாகக் காட்டியது.

"அங்க வரப்புகூட இல்லீங்க மேடம்" என்றார் நிலமளந்த நிஜாமுதீன்.

அட்டையை எடுத்துவிட்டால் கணக்கில் ஊர் புதைந்தது. எடுத்த அட்டை மறுநாள் மீண்டும் அட்டைக்கட்டுக்குள் இருந்தது. அதோடு கணித்தால் சேறு விலகி ஓடைக்குள் இறங்கியது.

சௌந்திரம் அதை நம்பவில்லை. ஊரைக் காலிசெய்யச் சொன்னார்.

"ஏனுங்கம்மிணி, சேறு வல்லீன்னா எங்க மாட்டுக்கு உங்க மிசினு தீவனம் போடுமுங்களா?" என்று சிரித்த அப்புசாமி, ஆயினும் எல்லோரையும் புதுச்சத்திரத்துக்கு அழைத்துச் சென்றார்.

மூன்றாம் நாள் மலை சரிந்தது. திரும்பியவர்கள் ஓர் ஓடுகூடக் குலையாத ஊரைக் கண்டு பம்பை கொட்டி ஆடினர்.

"செயிச்சுப்போட்டீங்க சாமி!" என்று அப்புசாமி சௌந்திரத்தைப் பார்த்துக் கூவினார்.

சௌந்திரம் கடலைக்காட்டுக்கு ஏறினார். சேறு அங்கே சுவர்போல் வளைந்து நின்று, ஓடைப்பக்கம் திரும்பியிருந்தது. வளைவுக்குள் செடிகள் ஈரம்படாமல் பூத்திருந்தன. மலையை நோக்கிய இரண்டு பெரிய பாதங்களின் வடிவில் மட்டும் அவை மடிந்து படிந்திருந்தன. கீழே பம்பை ஓயவில்லை.