செய்முறை நடவு

எழுதிப் பழக்கமில்லாத நான் துணிந்து எழுதும் முதல் கதை இது. குற்றம் குறைகளை வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

உத்திரமேரூருக்கு அருகே ஒரு மேனிலைப் பள்ளியில் தொழிற்கல்வி தொடங்கிய ஆண்டு அது. வேளாண்மைப் பிரிவு மாணவன் ஏசுதாஸின் தாயார் சிட்டம்மாள், தலைமையாசிரியர் வரதன் அவர்களின் அறை வாயிலில் வந்து நின்றாள்.

"எம் புள்ளய வேற குரூப்புல போட்டுடுங்க சார்."

காலையிலிருந்து பெற்றோர்களைச் சமாதானப்படுத்தியே அவர் களைத்திருந்தார்.

"நேத்து தாண்டவராயர் கழனியில, சேத்துல எறக்கி நடவு நட வெச்சோம்னு வருத்தமா? அது பாடம்மா. அரசாங்கத் திட்டம்."

"சேறு இன்னா சார், எங்களுக்குப் புச்சா?"

"பின்னே, பையனுக்கு நடத் தெரியலையா?"

"நல்லாத்தான் நட்டுகீறான். எல்லாப் புள்ளைங்களும் சேந்து மொத்தக் கழனியும் முடிச்சிட்டாங்க. அதான் சார் பேஜாரு."

"புரியலையேம்மா."

"வருசா வருசம் அந்தக் கழனிய நடுறது எங்க தெருப் பொம்பளைங்க. இன்னிக்கி வேலைக்குப் போனா, 'இஸ்கூலு புள்ளைங்க சும்மாவே நட்டுட்டாங்க, வூட்டுக்குப் போங்க'ன்றாரு கழனிக்காரரு."



"செய்முறைக்கு வேற யாரும் நிலம் தரலையேம்மா."

"களையெடுக்கறதும் பாடத்துல கீதா சார்?"

"இருக்கு."

"அறுப்பு?"

அவர் ஆமென்று தலையை அசைத்தார்.

அந்தப் போகத்தில் சிட்டம்மாளின் தெருவுக்கு நடவுக் கூலி போயிற்று. களைக் கூலி போயிற்று. அறுப்புக் கூலி நெல்லும் போயிற்று. வேறு பிரிவில் இடமில்லாததால் அவள் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட, ஏசுதாஸின் படிப்பும் போயிற்று.