மறதிக்கார வகுப்பு

"டீச்சர், காரணிப்படுத்துறது எப்படின்னு மறந்துபோச்சு!"

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியை அப்படியே நின்றுவிட்டார். குரல் வந்தது பத்தாம் வகுப்பிலிருந்து.

"அது போன வருஷப் பாடமாச்சே?" என்றார் கணக்கு டீச்சர்.

"சுத்தமா ஞாபகம் இல்ல டீச்சர். நாளைக்கு ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

முந்தாநாள் முக்கோணவியல் மறந்துபோச்சு என்றார்கள். நேற்று பின்னம் கூட்டுவது. ஆறாம் வகுப்புக் கணக்கு! பொதுத்தேர்வுக்கு இன்னும் நாலே மாதம். அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இரண்டு பெற்றோர் போன் பண்ணிவிட்டார்கள்.

மதியம் தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒரு வகுப்பு மொத்தமும் எப்படிங்க ஒண்ணா மறக்கும்?"

"பாவம் மேடம். எனக்கு ஆக்சிடென்ட் ஆகி மூணு மாசம் லீவுல இருந்தேன்ல, தொடர்ச்சி விட்டுப்போச்சு. தினம் கொஞ்சம் பழசையும் சேர்த்துச் சொல்லித் தரேன்."

"நானே ஒரு டெஸ்ட் வெக்கிறேன். மார்க் குறைஞ்சா, பத்தாம் வகுப்பை வேற ஆள்கிட்ட கொடுக்கிறதைத் தவிர வழியில்ல."

டீச்சர் முகம் வாடிப்போனது. "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள், டீச்சர் வேறு வகுப்பில் இருந்த நேரம். தலைமையாசிரியை கேள்வித்தாள்களோடு பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தார். எல்லாமே பழைய பாடங்கள். பக்கத்து பெஞ்சைப் பார்க்க ஒருவரையும் விடவில்லை.

அறைக்கு வந்து திருத்த உட்கார்ந்தார். முதல் பேப்பர் முழு மார்க். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஒரே ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. முப்பத்திரண்டையும் திருத்தி முடித்தபோது அவருக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

கிளாஸ் லீடர் பெண்ணை வரச் சொன்னார்.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி நடிக்கிறீங்களா? டீச்சரைக் கிண்டல் பண்றீங்க, அதானே?"

"ஐயோ, இல்ல மேடம்!"

"பின்னே என்ன?"

அவள் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டீச்சருக்குத் தலையில அடிபட்டுச்சுல்ல மேடம். திரும்பி வந்த முதல் வாரம் புதுப் பாடம் நல்லாத்தான் நடத்தினாங்க. வீட்டுல தயார் பண்ணிட்டு வந்திருப்பாங்க போல. நடுவுல ஒரு பழைய சூத்திரம் தேவைப்பட்டுச்சு. அப்படியே நின்னுட்டாங்க. சாக்பீஸ் கையில இருக்கு, எழுத வரல. பெல் அடிக்கிற வரைக்கும் எங்க பக்கம் திரும்பவே இல்ல. அழுதாங்கன்னு நினைக்கிறேன்."

தலைமையாசிரியை கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"அவங்க சொல்லிக் கொடுத்தது எங்களுக்கு மறக்கல மேடம். அவங்களுக்குத்தான் மறந்துபோச்சு. தினம் ஒண்ணு கேட்டா, மறுநாள் அதைப் படிச்சுட்டு வந்துடறாங்க. முன்னல்லாம் ரெண்டு மூணு தடவை அழிச்சு அழிச்சு எழுதுவாங்க. இப்போ பாதிக் கணக்கு தானா வருது."

தலைமையாசிரியை அவளைப் போகச் சொன்னார். பிறகு முப்பத்திரண்டு பேப்பரையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

சாயங்காலம் கணக்கு டீச்சர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"மேடம், டெஸ்ட்ல பசங்க எப்படி...?"

"ரொம்ப மோசம் டீச்சர்! பேப்பரைக் கேட்காதீங்க, பார்த்தா உங்களுக்குத்தான் கோபம் வரும். இந்தக் கூட்டத்தை உங்களை விட்டா வேற யாராலயும் கரையேத்த முடியாது. பரீட்சை வரைக்கும் தினம் பத்து நிமிஷம் பழைய பாடம், நீங்களேதான் நடத்தணும்!"