ஃப்ரீ கிக்குக்கு ஒரு வணக்கம்

டமார் என்று காதுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

"ஆரம்பிச்சுட்டாங்க சார்," என்றார் குரோயிவா மேடம்.

தொகாஷியின் கையிலிருந்த நூடுல்ஸ் டப்பா துள்ளியது. இரண்டு இழை அவருடைய கழுத்துத் துண்டில் தொங்கின.

"முரசுதானே? தெரியும், தெரியும்," என்றார், பிறந்ததிலிருந்து முரசுக்கு நடுவில் வளர்ந்தவர் போல.

ஐம்பத்தோரு வயதில், அவர் ஃபுட்பால் மைதானத்துக்குள் காலடி வைப்பது இன்றுதான் முதல் தடவை.

குளியல் தொட்டி விற்கும் கம்பெனியின் ஹமாசே கிளைக்கு மேலாளராக வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. போன கிளையில் அவர் உள்ளே நுழைந்தாலே ஆபீஸ் மௌன விரதத்தில் இறங்கிவிடும். 'ஹமாசேயிலும் ஒட்டலைன்னா, அடுத்து கிடங்குதான்' என்று டோக்கியோவில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த ஊரில் எல்லாரும் ஃபுட்பால் பைத்தியம் என்று யாரோ சொன்னதை நம்பி, அறிமுகக் கடிதத்தில் 'ஃபுட்பால் என் உயிர்' என்று எழுதித் தொலைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஊழியர்கள் ஏழு பேரும் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதுவும் கோல் கம்பத்துக்குப் பின்னால், கொடியும் முரசுமாகக் கொதிக்கிற ஸ்டாண்டுக்கு.

ஏழு பேர் கழுத்திலும் உள்ளூர் ஷியோகாசே அணியின் நீலத் துண்டு, மடிப்புகூடக் கலையாமல். 'இஸ்திரி போட்டு வச்சிருக்காங்க. என்ன பக்தி' என்று வியந்துகொண்டார் தொகாஷி.

"இந்தத் துண்டை... நம்ம ஊர்ல எப்ப தூக்குறது வழக்கம்?" என்று பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாததா சார்?" என்றார் ஏழு பேரில் மூத்தவரான குரோயிவா மேடம்.

"சார் நமக்குப் பரீட்சை வைக்கிறார் மேடம்," என்று சிரித்தாள் விற்பனைப் பிரிவு ஹினாகோ. மற்றவர்களும் சிரித்தார்கள்.

தொகாஷியும் சிரித்தார். 'பரீட்சை எனக்குத்தான்' என்று நினைத்துக்கொண்டார். இனி வாயைத் திறக்காமல், இவர்கள் செய்வதை அப்படியே செய்துவிடுவது என்று முடிவு செய்தார்.

பன்னிரண்டாம் நிமிடம் எதிரணிக்கு ஃப்ரீ கிக். அந்த நேரம் பார்த்து அவருடைய சாப்பாட்டுக் குச்சி ஒன்று நழுவியது. குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், ஏழு பேரும் வாடிக்கையாளர் முன்னால் நிற்பதுபோல இடுப்பை வளைத்துத் தலை குனிந்திருந்தார்கள். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது.

'ஓஹோ, எதிரி உதைக்கும்போது ஒரு வணக்கம். நல்லவேளை, குச்சி காப்பாற்றியது.'

அடுத்த ஃப்ரீ கிக்குக்குத் தொகாஷியே முதலில் குனிந்தார், மற்றவர்களைவிட ஒரு சாண் ஆழமாக. ஓரக்கண்ணால் பார்த்தார். ஏழு பேரும் குனிந்திருந்தார்கள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

"உங்ககூட வந்ததே அதிர்ஷ்டம் சார்," என்றாள் ஹினாகோ.

'தேறிட்டேன்' என்று நினைத்தபோது அவருக்குக் கண்ணில் நீர் கட்டியது. போன கிளையில் மூன்று வருஷத்தில் ஒருவர்கூட அவரிடம் இப்படிப் பேசியதில்லை.

மூன்றாவது ஃப்ரீ கிக்குக்குப் பின்வரிசைக் கல்லூரிப் பையன்களும் குனிந்தார்கள். நான்காவதுக்கு ஸ்டாண்டில் பாதி குனிந்தது. ஷியோகாசே ஒன்றுக்கு பூஜ்யம் என்று ஜெயித்தது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் அவரவர் குப்பையைப் பொறுக்கிக்கொண்டிருக்கையில், முரசு தட்டுகிற கோஷ்டியின் தலைவர் நிவா, வியர்வையைத் துடைத்தபடி நேராக அவர்களிடம் வந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா இங்க தட்டுறேன். இந்த வணக்கத்தை நான் பார்த்ததே இல்லை. நாலு தடவை குனிஞ்சீங்க, நாலும் கோல் ஆகல. எந்தக் காலத்து வழக்கம் இது?"

தொகாஷி பெருமையாகக் கையைக் காட்டினார். "மேடம்தான் சொல்லணும். அவங்கதான் இந்த ஊர்க்காரங்க."

குரோயிவா மேடத்தின் முகம் வெளுத்தது. "சார் இருக்கும்போது நான் எப்படிச் சொல்றது?"

"யார் சொன்னா என்ன," என்றார் நிவா. "அடுத்த வாரம் இந்த ஸ்டாண்டுல இருக்கிற மூவாயிரம் பேரையும் குனிய வைக்கப் போறேன். கேக்கிறவங்களுக்குக் காரணம் சொல்லணும்ல? நோட்டீஸ் வேற அடிக்கணும்."

மூவாயிரம் முதுகுகளை நினைத்துப் பார்த்தார் தொகாஷி. குப்பைப் பையைக் கீழே வைத்தார். கிடங்கு என்றால் கிடங்கு.

"மன்னிச்சுடுங்க. எனக்கு ஃபுட்பால்ல அ, ஆ கூடத் தெரியாது. கடிதத்துல எழுதினது பொய். நீங்க எல்லாரும் என்னைச் சேர்த்துக்கணும்னு எழுதிட்டேன். நான் குனிஞ்சது இவங்களைப் பார்த்து."

நிவா அவரையும் அந்த ஏழு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

குரோயிவா மேடம்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"நாங்க உங்களைப் பார்த்துதான் குனிஞ்சோம் சார். உங்க கடிதம் வந்த பிறகுதான் இந்த ஊர்ல ஒரு ஃபுட்பால் டீம் இருக்குன்னே எங்களுக்குத் தெரியும்."