ஒரு நாள் வெயில்

“மழை வேணாம்னு சாமி கும்பிடுற, வெள்ளாம பாக்குற சம்சாரி வீட்டுப் பிள்ளைய நீ எங்கயாச்சும் பாத்திருக்கியாடி?” என்று ஹேமலதா ஒருமுறை ஜெகதீஸ்வரியிடம் கேட்டாள்.

ஜெகதீஸ்வரி கண்ணைத் திறக்கவில்லை. பாளையம்பட்டி ரோட்டோரக் கோயிலின் முன்னால், ஓடி வந்த வேர்வை காயாமல் இருவரும் நின்றிருந்தார்கள்.

“எங்க நெசவுக்காரத் தெருவுல பாவு விரிக்கிற அன்னைக்கு நாங்க அப்படிக் கும்பிடுவோம். நூலு நனைஞ்சிரும்ல. நீ கும்பிடலாமா? உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா காலை ஒடிச்சிருவாரு.”

“போட்டி முடிஞ்சப்புறம் ஒடிக்கச் சொல்லு” என்றாள் ஜெகதீஸ்வரி.

இருவரும் அருப்புக்கோட்டையில் கல்லூரிக் கடைசி வருடம். ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவர்கள். தேசிய அளவிலான பல்கலைக்கழகப் போட்டிக்குப் போக ஒரு தகுதி நேரம் உண்டு. அதை இந்த வருடம் இரண்டு முறை ஜெகதீஸ்வரி மயிரிழையில் தவற விட்டிருந்தாள்.

இனி மிச்சம் ஒரே ஒரு தகுதிப் போட்டி, அதுவும் மண் மைதானத்தில். அதையும் விட்டால் ஓட்டம் முடிந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை என்ற கனவும் முடிந்தது. பிறகு மில் வேலைக்கு ஏற்றிப்போக வேன் வீட்டு வாசலுக்கே வரும்.

போட்டிக்கு முந்தைய நாள் சாயங்காலம் திருச்சுழிப் பக்கம் மேகம் கறுத்தது. ஐப்பசி பிறந்தும் ஒரு சொட்டு விழவில்லை. வரப்போகும் மழையை நம்பி, காய்ந்த கரிசலில் மக்காச்சோளத்தை விதைத்துவிட்டு ஊரே அண்ணாந்து நின்றது.

அவளுடைய அப்பா இருளப்பசாமி மட்டும் எழுந்து வீட்டுக்குள் போனார்.

“என்ன மாமா, மேகத்தக் கண்டா மாமியாளக் கண்ட மாதிரி உள்ள ஓடுறீரு?” என்று பக்கத்து வீட்டுப் பால்ச்சாமி கேட்க, தெருவே சிரித்தது.

ஆசையாகப் பார்த்தால் மேகம் கலைந்துவிடும் என்று பயப்படுகிறார் என்று ஜெகதீஸ்வரி நினைத்துக்கொண்டாள். போன வருடம் விதை மண்ணுக்குள்ளேயே கருகிப்போனது. அவள் புஞ்சைப் பக்கம் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. முதல் பஸ்ஸில் பயிற்சிக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவாள்.

இந்த மனிதருக்கு எதிராகவா கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியபோது சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். ஆனாலும் படுக்கும்போது மறுபடியும் வேண்டிக்கொண்டாள். நாளை ஒரு நாள் மட்டும்.

காலையில் அப்பா பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். “நல்லபடியா ஓடிட்டு வா தாயி” என்றார். வானத்தைப் பார்க்கவில்லை.

மைதானத்தில் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பாதி தூரம் தாண்டியபோது பி.டி. சார் வாட்ச்சைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினார். நேரத்துக்குள் இருந்தாள். மூச்சு இடறவில்லை, கால் கனக்கவில்லை. இப்படி ஒரு நாள் அவளுக்கு இதுவரை வாய்த்ததே இல்லை.

அடுத்த சுற்றில் முதல் துளி தோளில் விழுந்தது.

பிறகு கொட்டியது. கோடு பால்போலக் கரைந்து ஓடியது. மைதானத்து மண் ஷூவில் அப்பிக்கொண்டு காலோடு வந்தது. விசில் ஊதினார்கள், எல்லோரும் நின்றார்கள். ஜெகதீஸ்வரி நிற்கவில்லை.

“ஏய் ஜெகா, நில்லுடி! போட்டிய நிறுத்திட்டாக!” ஹேமலதா பின்னாலேயே ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சார், இன்னொரு நாள் வைப்பாகளா?” என்று ஜெகதீஸ்வரி கேட்டாள்.

“நாளைக்குப் பேரு அனுப்பணும்மா. இந்த மண்ணு எங்க நாளைக்குள்ள காயப் போகுது?” என்று சொல்லிவிட்டு பி.டி. சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹேமலதா தலையில் வழிந்த தண்ணீரை வழித்தெறிந்தாள். “உன் வேண்டுதல் போச்சு. உங்க அப்பா கும்பிட்டதுதான்டி பலிச்சிருக்கு.”

பஸ்ஸில் ஜெகதீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பி அழுது முடித்தாள். ஊரில் இறங்கியபோது பால்ச்சாமி தெரு நடுவே நனைந்துகொண்டு நின்றார்.

“ஏ ஆத்தா, பொழைச்சோம்! வெத தப்பிச்சிருச்சு! இந்த வருசம் கதிரு அறுத்துரலாம்!”

வீட்டில் ஒருத்தராவது ஜெயித்தோமே என்று நினைத்துக்கொண்டு, முகத்தை மழையிலேயே கழுவிவிட்டு உள்ளே போனாள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“நல்ல மழைப்பா. நம்ம சோளம் மொளைச்சிரும்” என்று சிரிக்கப் பார்த்தாள்.

அவர் அவளுடைய முழங்கால் வரை அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார். “ஓடி முடிச்சியா தாயி?”

“பாதியில நிறுத்திட்டாகப்பா.”

அடுப்படியிலிருந்து அம்மா மாயக்காள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“எங்கிட்டு மொளைக்க? வெதைச்சாத்தான மொளைக்கிறதுக்கு! இனி இந்த ஈரத்துல கரிசல்ல கால வைக்க முடியுமா? அது காயுறதுக்குள்ள பருவமே போயிரும்.”

ஜெகதீஸ்வரிக்குப் புரியவில்லை. “வெதைக்கலையா? ஊரே வெதைச்சுச்சே, ஏம்மா?”

“உன் ஓட்டம் முடியட்டும்னு உங்கப்பா வெதைக்காம இருந்தாக. வெதைச்சுட்டா மனசு மழையக் கேட்டுருமாம்ல!”

இருளப்பசாமி எழுந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.