நண்டுக்குப் பிடித்த சட்டை

காலியாகக் கிடக்கும் சங்குகளையே சட்டையாக மாட்டிக்கொண்டு திரியும் நண்டு ஒன்று கடற்கரையில் இருந்தது. இளவேனில் வந்ததும் அதன் உடம்பு பெருத்துச் சட்டை இறுகியது. கழற்றி எறிந்துவிட்டு வேறு தேடக் கிளம்பியது. அதற்குள் பருந்து பார்த்துவிட்டால் கதை முடிந்தது.

வழியெல்லாம் பளபளவென்று புதுச் சங்குகள். நண்டு அவற்றைச் சீண்டவே இல்லை. நிறம் வெளுத்து, விளிம்பு உடைந்த ஒன்றின் முன்னால் போய் நின்றது.

"ஆகா, அந்தக் காலத்து வேலைப்பாடு! இதைப் போட்டிருந்தவர் பெரிய ரசிகராக இருந்திருப்பார்."

பாறையில் ஒட்டியிருந்த நத்தை சிரித்தது. "அண்ணே, போன வருஷம் கண்றாவி என்று நீங்கள் கழற்றிப் போட்டதுதான் இது."

நண்டு உற்றுப் பார்த்தது. உண்மைதான். "அப்படியானால் எனக்கு நானே விசிறியாகிவிட்டேன்" என்று முனகியது. ஆனாலும் வாய்விட்டுப் புகழ்ந்தாயிற்றே! மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே நுழையப் பார்த்தது. பாதி உடம்பு வெளியே நின்றது.

மணலில் பருந்தின் நிழல் விழுந்தது.

"அண்ணே, பக்கத்தில் இருக்கிற புதுசுக்குள் போங்கள்!"

நண்டு உருவிக்கொண்டு பாய்ந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது புதுச் சங்கு. பருந்து இரண்டு முறை வட்டமிட்டுவிட்டுப் போய்விட்டது.

"எப்படி அண்ணே இருக்கிறது?" என்றது நத்தை.

உள்ளேயிருந்து பெருமூச்சு கேட்டது. "என்ன செய்வது தம்பி, பழசாகிற வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன்."